நாற்பது பாகம் ஆழம்

அக்டோபரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை
ஸ்கார்வோய் தீவுக்குப் புத்தகப் படகு வரும்.
நடுவில் சில வாரம் சூரியனும் வராது,
கடன் வாங்கியவன் மாதிரி
மலைக்குப் பின்னாலேயே நடமாடும்.

ஆளுக்கு மூன்று புத்தகம்.
அண்ணன் தூர்ஸ்டைன் மூன்றும் என்ஜின் பற்றி எடுத்தான்.
நான் எடுத்ததில் இரண்டு ஞாபகமில்லை.
மூன்றாவதில், மலைக்கு அடியில் ஓர் அரசி
உப்பால் ஆன படையோடு காத்திருந்தாள்.
மழை பெய்தால் போர் கிடையாது.

அந்த இருட்டுக்காலத்தில் பதினொரு முறை படித்தேன்.
நான்காம் முறையே வரிகள் எனக்கு முன்னால் ஓடின.
ஏழாம் முறை தளபதியோடு சண்டை.
பத்தாம் முறை, எண்ணெய் வீணாகிறதென்று
அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.
நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து
இருட்டிலேயே படித்தேன்.
சில சொற்கள் மாறிப்போயின.
மாறியவை மேல் என்று தோன்றியது.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச்சில் படகு வந்தது.
"இரண்டுதானே இருக்கிறது?"
"ஒன்று கடலில் விழுந்துவிட்டது."
முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைப்பவர்கள் உண்டு.
என் கம்பளிச் சட்டைக்குள்
புத்தகத்தின் மூலை
விலா எலும்பைவிடத் துருத்திக்கொண்டிருந்தது.

படகின் நூலகன் ஸீவெர்ட்.
வயது இருபத்திரண்டு, கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு.
வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டுதான்
முத்திரை குத்துவான்.
என் சட்டையைப் பார்த்தான். பேரேட்டைப் பார்த்தான்.
"எங்கே விழுந்தது?"
"கலங்கரை விளக்கத்துக்கு அப்பால்."
"ஆழம்?"
"நாற்பது பாகம்."
எழுதினான். மையால், கோடு போட்ட கட்டத்துக்குள்:
நாற்பது பாகம்.
பிறகு வாளிக்குக் குனிந்து, நிமிர்ந்து,
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"இப்போது அங்கே யார் அதைப் படிக்கிறார்கள்?"

கிண்டலா, தெரியாது.
குமட்டலில் இருப்பவன் முகத்தில்
கிண்டலைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபமில்லை.
விலை பதினெட்டு குரோனர்,
அக்டோபரில் கொடு என்றான்.

அது காட் மீன் காலம்.
எங்கள் பிள்ளைகளுக்குக் கூலி மீன்தலையில்தான்.
வெட்டிப்போட்ட தலையை இரும்பு முள்ளில் குத்தி
கத்தியால் ஓர் இழுப்பு.
நாக்கு தனியே வாளியில் விழும்.
நகரத்தில் பொரித்துத் தின்பார்கள்.
நா அறுத்து நாவல் வாங்கியவள் நான்.

விரல் மரத்துப்போன ஒரு மாலை
ஐந்நூறாவது தலையோ அறுநூறாவதோ
முள்ளில் இருந்தபடி என்னைப் பார்த்தது.
ஸீவெர்ட்டுக்கான பதில் அப்போது கிடைத்தது.
இவைதான்.
இவைதான் படிக்கின்றன, நாற்பது பாகத்தில்,
உப்புப் படை கரைந்துபோகும் பக்கத்தை,
வாய்விட்டுப் படிக்க வழியில்லாமல்.

மீன் எடைச்சீட்டுகளின் பின்பக்கம் எழுதினேன்.
பதினான்கு சீட்டு.
முன்னால் கிலோ, பின்னால் கடலடி.

அக்டோபரில் படகில் வேறொருத்தி இருந்தாள்.
ஸீவெர்ட் கரையில் வேலை தேடிக்கொண்டானாம்,
ஏதோ வங்கியில்.
பதினெட்டு குரோனரை எண்ணி வைத்தேன்.
சீட்டுகளை எடுக்கவில்லை,
சட்டைக்குள் வைத்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பின் ஏழு நாவல்கள்.
நாக்கில்லாத குடிகள், அலைக்கு அடியில் நூலகங்கள்,
பக்கம் புரட்டும் செதில்கள்.
மௌனத்தின் அரசியல் என்று
ஓஸ்லோவில் ஒருவர் நீளமாக எழுதினார்.
மேடையில் கேட்டபோது, மீன் என்றேன்.
சிரித்தார்கள்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான், காசு கட்டியது.
பேரேட்டின்படி கடலில் கிடக்கிறது.
இரண்டும் உண்மையாயிருப்பதில்
எனக்கொரு சிரமமும் இல்லை.
காற்று பலமான இரவுகளில் மட்டும்
அடுத்த பக்கம் திருப்புமுன்
சற்றுப் பொறுத்திருப்பேன்,
கீழே
அவர்களும் முடிக்கட்டுமென்று.